தறி நின்ற வீடுகள் எத்தனை?

(ஆரணியில் கைத்தறித் தோழர்களிடையே ஆற்றிய உரை)

தறிக்குழியிலிருந்து நேரே எழுந்துவந்து, மரத்துப்போன கால்களை நீட்டி உட்கார இடமின்றி நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் என் தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்றதன்று என்று நண்பர்கள் சொன்னார்கள். "பட்டு நூல் விலையைப் பற்றிப் பேசு, சரிகை விலையைப் பற்றிப் பேசு, விசைத்தறிச் சேலையைக் கைத்தறியென்று விற்கும் வித்தகர்களைப் பற்றிப் பேசு, கைதட்டல் கிடைக்கும். சாகக் கிடப்பவர்களைப் பற்றிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை மாலையை ஏன் துக்க வீடாக்குகிறாய்?" என்று கேட்டார்கள். கைதட்டல் வேண்டாம், தோழர்களே! நான் கேட்கும் கேள்வி ஒன்றுக்கு விடை தாருங்கள், அது போதும்.

இந்த ஆரணியிலே எத்தனை தறி ஓடுகிறது? கேட்டால், தெருவாரியாகச் சொல்வீர்கள். கோர்வைத் தறி எத்தனை, ஜக்கார்டு பூட்டிய தறி எத்தனை, கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்வது எத்தனை, தனி முதலாளிக்கு நெய்வது எத்தனை — விரல் மடக்கிக் கணக்குச் சொல்வீர்கள். வட்டத்துக்கு எத்தனை வாக்கு, அதிலே நமக்கு எத்தனை, நழுவுவது எத்தனை — அதுவும் மனப்பாடம். நல்லது. எத்தனை வீடுகளிலே, மருத்துவர் கைவிரித்த நோயாளி பாயிலே கிடக்கிறார்? எத்தனை பேர் இரவெல்லாம் வலியால் விழித்திருக்கிறார்கள்?

விடை வரவில்லை. வராது, உங்கள் குற்றமன்று. யாரும் எண்ணவில்லை. எண்ணாத காரணத்தால், இல்லையென்றே ஆகிவிட்டது!

கிளைக் கூட்டத்திலே ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. ஆரணியிலே புற்றுநோய்க்கெனத் தனிக் கட்டிடம் ஒன்று வேண்டும், மாடி வைத்த கட்டிடமாக வேண்டும் என்று கேட்கும் தீர்மானம். தீட்டிய தோழர் எனக்கு நெருங்கியவர், நல்ல நெஞ்சத்தவர். ஆயினும் அந்தத் தீர்மானத்தை இன்று ஒத்திவைக்க வேண்டுமென்று கேட்கவே வந்திருக்கிறேன். கட்டிடம் வேண்டாமென்பதற்காக அன்று. எத்தனை முழம் சேலை என்று தெரியாமல் பாவு பூட்டுவானா நெசவாளி? எத்தனை பேருக்கு, என்ன நோய்க்கு, எந்தத் தெருவிலே, என்ன உதவி என்று அறியாமல் அடிக்கல் நாட்டினால், கல் நிற்கும். கல்லிலே பெயரும் நிற்கும். நோயாளி கிடந்த இடத்திலேயே கிடப்பார்!

என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேள்விப்பட்டவர்கள் இங்கே இருக்கக்கூடும். முழுதும் அறிந்தவர் இல்லை.

என் தந்தையார் கோர்வைப் பட்டு நெய்தவர். தொண்டையிலே நோய் வந்தது. வெளியூரிலே பெரியதொரு மருத்துவமனைக்கு — பெயர் வேண்டாம் — அழைத்துப் போனோம். அறுவை நடந்தது; கதிர்வீச்சு நடந்தது; வீட்டிலிருந்த அண்டா குண்டா நடந்தன அடகுக் கடைக்கு. ஒருநாள் காலை, கோப்பை மூடியபடி மருத்துவர் சொன்னார்: "இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்." அவர் கடுமையாகப் பேசியவரல்லர். உண்மையென்று தாம் நம்பியதைச் சொன்னார். பேருந்திலே திரும்பினோம். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரித்தது. தறி நின்றால் முன்பணத்தைத் திருப்பக் கேட்பார்கள். கல்லூரியை விட்டேன், குழியிலே இறங்கினேன். பட்டம் பெறாமல் பாதியிலே ஓடிவந்தவன் என்று மாற்றுக் கட்சி மேடையிலே என்னைப் பழிப்பார்கள், பழிக்கட்டும், உண்மைதானே!

அதன்பின் நான்கு மாதம் அவர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்தார் என்கிறேனே, அதற்கு வேறு சொல் இல்லாமையால் சொல்கிறேன். நள்ளிரவிலே வலி ஏறும்போது என்னை எழுப்புவார். தண்ணீர் கேட்பதற்கன்று. "தறிய ஓட்டுடா. என் சத்தம் தெருவுக்குக் கேக்கக்கூடாது" என்பார். நான் ஓட்டுவேன். மிதியும் நாடாவும் பலகையும் எழுப்பும் ஓசையிலே அவர் முனகல் அமுங்கிப்போகும். அண்டை வீட்டார், "பிள்ளை உழைப்பாளி, இரவெல்லாம் நெய்கிறான்" என்று பாராட்டினார்கள்!

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்து, நாடகக் குழுவோடு கோழிக்கோடு போயிருந்தேன். அங்கே ஒரு செவிலியரோடு பேசிக்கொண்டிருந்தபோது இக்கதையைச் சொன்னேன். அவர் அழவில்லை, வியக்கவுமில்லை. "மார்ஃபின் மாத்திரை கொடுக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார். கண்ணுக்கெட்டாத மருந்தன்று; கோடீசுவரருக்கு மட்டும் கிடைக்கும் மருந்தன்று; வாயால் விழுங்கும் சிறு மாத்திரை, விலையும் அதிகமில்லை. முறையறிந்த மருத்துவர் அளவறிந்து கொடுத்தால், புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் வலியை அடக்க முடியும். செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்களே, செய்வதற்கு இருந்தது! அதைச் செய்யும் துறைக்குத்தான் நோய் ஆதரவுச் சிகிச்சை என்று பெயர்.

நோயை வேரோடு களைய முடியாதபோதும், நோயாளியின் வலி, மூச்சுத் திணறல், வாந்தி, படுக்கைப்புண், அச்சம், குடும்பத்தின் கலக்கம் ஆகியவற்றைத் தணிப்பது அதன் வேலை. 1967-லே இலண்டன் நகரிலே சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். செவிலியாக இருந்து, சமூகப் பணியாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். உடல் வலியையும் மனத் துயரையும் பணக் கவலையையும் தனித்தனிச் சீட்டில் எழுதாமல் ஒரே வலியாகப் பார்க்கக் கற்றுத் தந்தவர் அவர். பம்பாயிலே சாந்தி அவேதனா இல்லம் 1986-லே எழுந்தது. அதெல்லாம் வரலாறு. நமக்கு வேண்டியது ஆரணிக் கணக்கு.

ஆரணிக்கு எத்தனை பேர்? எண்ணாமலே ஓரளவு கணிக்க வழியுண்டு. மூன்று முழக்கோல் வைத்திருக்கிறார்கள் அறிஞர்கள். மூன்றையும் நம் ஊரின்மீது வைத்துப் பார்ப்போம். 2011 குடிக்கணக்கின்படி ஆரணி நகராட்சியின் மக்கள் தொகை 63,671. அதன்பின் கூடியிருக்கும், இருக்கட்டும்.

முதற் கோல், சாவைக் கொண்டு அளப்பது. 2015-ஆம் ஆண்டிலே உலகில் இறந்தவர் ஏறத்தாழ 5 கோடியே 62 லட்சம். அவர்களிலே 2 கோடியே 55 லட்சம் பேர், நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர், கடுந்துன்பத்தோடு இறந்தார்கள் என்று 2017-லே லான்செட் ஆணையம் கணித்தது. அந்த ஆண்டு இறவாமல், அதே துன்பத்தோடு வாழ்ந்தவர்கள் மேலும் 3 கோடியே 55 லட்சம். தமிழ்நாட்டிலே ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறேழு பேர் இறக்கிறார்கள். அப்படியானால் ஆரணியிலே ஆண்டுக்குச் சுமார் 400 சாவு. அதிலே 180 துன்பச் சாவு. துன்பத்தோடு வாழ்பவர் அதே விகிதத்தில் 250. ஆக, 430 பேர்.

இரண்டாம் கோல், வீடு வீடாகப் போய் எண்ணியது. புதுச்சேரி நகர்ப்பகுதி ஒன்றிலே மருத்துவர்கள் கதவு தட்டிக் கேட்டு, 2017-லே வெளியிட்ட ஆய்வின்படி ஆயிரத்துக்கு ஆறு பேருக்கு இந்தச் சிகிச்சை தேவை. நம் ஊருக்கு அது 382. மூன்றாம் கோல் ஐரோப்பாவிலே செய்தது. கட்டலோனியாவிலே நூற்றுக்கு ஒன்றரை பேர் என்று கண்டார்கள். அதை இங்கே வைத்தால் 955!

ஒரே ஊர், மூன்று விடை! எது மெய்? கட்டலோனியாவிலே முதியோர் மிகுதி. நோயாளியென்று யாரைச் சேர்ப்பது என்ற வரையறையும் அங்கே அகலம். ஆகவே அந்தக் கோல் நமக்கு நீளம். உலகக் கோல் நம் தெருவின் மேடுபள்ளம் அறியாது. புதுச்சேரிக் கோல் அண்டை ஊர்க் கோல். ஆனால் நம் ஊரின் தறியையும் முன்பணத்தையும் அது அறியாது. அது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன். எப்படிச் சுருக்கினாலும் நானூறுக்கு அருகிலே வந்து நிற்கிறது. நகராட்சிக்கு 33 வட்டம். வட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், தோழர்களே! இங்கே அமர்ந்திருக்கும் வட்டச் செயலாளரே, உம்முடைய வட்டத்துப் பன்னிரண்டு பேரின் பெயரைச் சொல்லும், பார்ப்போம்!

இந்தப் பன்னிரண்டு பேரும் புற்றுநோயாளிகள் என்று எண்ணிவிட வேண்டாம். தீர்மானம் தீட்டிய தோழர் தடுக்கி விழுந்தது அங்கேதான். உலக நலவாழ்வு நிறுவனம் 2014-லே வெளியிட்ட கணக்கிலே, இச்சிகிச்சை தேவைப்படும் வயதுவந்தோரில் புற்றுநோயாளிகள் நூற்றுக்கு 34 பேர்தான். இதய நோய், பக்கவாதம் போன்றவற்றால் தவிப்போர் அவர்களை மிஞ்சி 38-க்கு மேல். நெஞ்சுச்சளி நோய் முற்றி மூச்சுக்கு ஏங்குவோர் 10. சிறுநீரகம் பழுதானோர், நினைவு அழிந்த முதியோர், பிறவியிலேயே நோயுற்ற குழந்தைகள் — இவர்களும் உண்டு. புற்றுநோய்க் கட்டிடம் கட்டினால், மூவரில் இருவர் வெளியே நிற்பார்கள்! நிற்பார்கள் என்றா சொன்னேன்? நிற்கக்கூடிய உடம்பாக இருந்தால் ஏன் இந்தப் பேச்சு?

தேவைப்படுவோரில் நூற்றுக்கு 14 பேருக்கே உலகில் இச்சிகிச்சை கிடைக்கிறது என்கிறது அதே நிறுவனம். உலகச் சராசரி நமக்கும் பொருந்துமென்று வைத்துக்கொண்டால்கூட, நம் நானூறு பேரில் ஐம்பத்தாறு பேர். மிச்சம் முந்நூற்று நாற்பத்து நான்கு தறிச்சத்தத்துக்குள் முனகல்கள்!

"தேவை இருந்தால் கேட்டிருப்பார்களே! யாரும் கேட்கவில்லையே!" என்று ஓர் அதிகாரி என்னிடம் வாதாடினார். பிரிட்டனிலே ஜொனாதன் பிராட்ஷா என்ற அறிஞர் 1972-லேயே இதற்கு விடையளித்துவிட்டார். வல்லுநர் வகுக்கும் தேவை ஒன்று. உள்ளத்திலே உணரும் தேவை ஒன்று. வாய்விட்டுக் கேட்கும் தேவை ஒன்று. இன்னோர் ஊரோடு ஒப்பிட்டு அறியும் தேவை ஒன்று. நான்கும் ஒன்றல்ல என்றார். என் தந்தையார் உணர்ந்தார், கேட்கவில்லை. அப்படியொரு மருந்து இருக்கிறதென்றே அறியாதவர் எதைக் கேட்பார்? அண்டை மாநிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு யார் சொன்னார்?

அண்டை மாநிலம் என்றேன். அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியிலே 1993-லே மருத்துவர் ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும் தோழர்களும் ஒரு சிறு சங்கம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலே ஓர் உண்மை அவர்களுக்கு விளங்கிற்று. மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளி, தேவையுள்ளோரில் ஒரு சிறு பங்கு. மற்றவர் வரவே முடியாதவர். ஆகவே அண்டை அயலாரைப் பழக்கினார்கள். மலப்புரத்திலும் சுற்றுப்புறங்களிலும் ஆசிரியரும் கடைக்காரரும் கூலியாளும் மாணவரும் தத்தம் தெருவிலே படுத்தவர் யார் என்று தேடினார்கள். செவிலியரை அழைத்துச் சென்றார்கள். 2008-லே அந்த மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. இந்தியாவில் முதன்முதல் அதுதான். ஊராட்சிகள் பொறுப்பேற்றன. அந்தக் கொள்கை வந்த சிறிது காலத்துக்குள்ளேதான் ஆரணியிலே நான் நள்ளிரவில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். இடையிலே மலையொன்று, மலை மட்டுமா இடையிலே நின்றது?

மருந்தின் கதை இன்னும் கொடிது. அபினிச் செடியை அரசின் உரிமத்தோடு மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலே பயிரிடுகிறோம். நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலைகள். விளைப்பது நாம், வெளிநாட்டுக்கு விற்றதும் நாம். 1985-லே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கள்ளக் கடத்தல்காரனைப் பிடிக்க விரித்த வலையிலே நோயாளி சிக்கினார்! ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள். ஒவ்வோர் உரிமத்துக்கும் ஓர் அலுவலகம். ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதி. ஆண்டுக்குப் பல நூறு கிலோவாக இருந்த மருத்துவப் பயன்பாடு, 1997-லே நாடு முழுவதுக்கும் 18 கிலோவாக இளைத்தது. 2014-லே சட்டத்தைத் திருத்தி முறையை எளிதாக்கினார்கள். பட்டு நெய்பவள் நூல் சேலை கட்டுவது நமக்குப் பழகிய காட்சி. அபினி விளைத்த நாட்டிலே மார்ஃபின் இன்றி மடிவதும் அந்த வகைதான்.

தமிழ்நாட்டிலே எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டு 5-லே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலே, இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரையோடு நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. வீட்டு வாசலுக்கு மருந்து வருவது பெருமைக்குரியது, பெருமைப்படுகிறேன். ஆனால் பெருமை பேசும் உரிமையோடு கேள்வி கேட்கும் கடமையும் சேர்ந்துதான் வரும். திட்டத்தின் ஏடு, எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எழுதும். எத்தனை பேரை அடையவில்லை என்று ஏடு தானாக எழுதாது. அதை எழுத வேண்டியவர்கள் தெருவிலே இருப்பவர்கள்.

இனி, நம் ஊரின் தனிச் சிக்கலுக்கு வருகிறேன். முன்பணம்! கதவு தட்டி, "வீட்டிலே யாருக்கேனும் தீராத நோயா?" என்று நேராகக் கேட்டால், என்ன விடை வரும்? "இல்லைங்க" என்றுதான் வரும். நெசவாளிக்குப் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால், அடுத்த பாவு கிடைக்குமா? கொடுத்த முன்பணத்தைக் கேட்டு ஆள் வராதா? வீட்டிலே மணமாகாத மகள் இருந்தால், சம்பந்தம் கலையாதா? தொற்று நோய் என்று எண்ணித் தண்ணீர்க் குழாயடியிலே விலகி நிற்பவர் இன்றும் இல்லையா? புதுச்சேரிக் கோல் நமக்குப் போதாது என்றேனே, இதனால்தான். நம் ஊரிலே நோய் மட்டுமன்று, மறைப்பும் அளக்கப்பட வேண்டும்.

மூத்த தோழர் ஒருவர் நல்ல யோசனை சொன்னார். "தறி நின்ற வீட்டைக் கணக்கெடு. தறி நின்றதென்றால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது" என்றார். நெசவுத் தெருவிலே பிறந்தவருக்கே தோன்றும் யோசனை; அதையே தலைப்பாகவும் வைத்துக்கொண்டேன். ஆனால், ஐயா, அந்தக் கணக்கெடுப்பிலே என் வீடு வந்திருக்காதே! எங்கள் வீட்டுத் தறி மற்ற வீட்டுத் தறிகளைவிட அதிகமல்லவா ஓடிற்று? ஆகவே தறி நின்ற வீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்; நேரங்கெட்ட நேரத்திலே தறி ஓடும் வீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தார் சுற்றப் போய்க்கொண்டிருந்த அம்மா திடீரென வேலைக்குப் போவதை நிறுத்தினாரா? கோர்வைக்கு எதிர்க்கை போட்ட பிள்ளை பள்ளியை விட்டு வீட்டிலே இருக்கிறானா? ஒருவர் படுத்தால் இருவர் கூலி போகும் தொழில் நம்முடையது. படுத்தவரை மட்டும் எண்ணிப் பராமரிப்பவரை விட்டால், கணக்கு பாதிக் கணக்கு.

கேட்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். நோயின் பெயரைக் கேட்க வேண்டாம். "ஒரு மாதத்துக்கு மேலாக எழுந்து நடமாட முடியாமல் யாரேனும் இருக்கிறார்களா? இரவிலே தூங்க முடியாமல் அவதிப்படுகிறார்களா? மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டீர்களா, ஏன்? பார்த்துக்கொள்வது யார்? அவர் கடைசியாக முழு இரவு தூங்கியது எப்போது?" — இவ்வளவே. வாசலிலே நின்று உரக்கக் கேட்காதீர்கள். உள்ளே அழைத்தால் போங்கள், அழைக்காவிட்டால் இன்னொரு நாள் போங்கள். நோய் இன்னதென்று தீர்மானிப்பது நம் வேலையன்று. நாம் குறித்துத் தரும் வீடுகளுக்கு மருத்துவரும் செவிலியரும் போய்ப் பார்ப்பார்கள். "இந்த நோயாளி ஓராண்டுக்குள் இறந்தால் நான் வியப்படைவேனா?" என்று மருத்துவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் முறையொன்று உலகெங்கும் வழக்கிலே இருக்கிறது, அந்தக் கேள்வி அவருடையது, நம்முடையதன்று. தப்பித் தவறியும் எவர் காதிலும் அதைப் போட்டுவிடாதீர்கள்.

ஏட்டிலே குறித்த பெயர் கட்சி அலுவலகப் பலகையிலே ஏறக்கூடாது. முதலாளி காதுக்குப் போகக்கூடாது. வாக்குக் கேட்கப் போகும்போது, "உங்கள் அப்பாவுக்கு நாங்கள்தானே..." என்று ஒருவர் வாய் திறந்தாலும், முதல் நடவடிக்கை அவர்மீதுதான்! மாற்றுக் கட்சிக்காரர் வீட்டிலே நோயாளி இருந்தால் அந்த வீட்டுக்கும் போக வேண்டும். போக மனமில்லாதவர் இப்போதே சொல்லிவிடலாம். சுவரொட்டி ஒட்டும் வேலை நிறைய இருக்கிறது.

காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையிலே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரும் நெசவு ஊர்ப் பிள்ளைதான். 1968-லே அமெரிக்காவிலே அறுவை நடந்தும், 1969 பிப்ரவரி 3-லே புற்றுநோய்க்கு அவரை இழந்தோம். நாடே அவர் நோயை அறிந்திருந்தது, நாடே விழித்திருந்தது. நம் தெருவிலே கிடப்பவருக்காக விழித்திருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்.

தீர்மானத்தை இப்படித் திருத்தலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் 33 வட்டத்திலும் எண்ணுவோம். பிறகு ஆரணி அரசு மருத்துவமனையிலே இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், இரு செவிலியர், தெருவுக்கு வரும் ஒரு வண்டி, தீர்ந்துபோகாத மார்ஃபின் கையிருப்பு — இவற்றைக் கேட்போம்; எத்தனை பேருக்கு என்ற எண்ணோடு கேட்போம். சுற்றிலுமுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்த் தோழர்கள் தங்கள் ஊரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாம்; ஆனால் நகரத்திலே பழகிக்கொண்டு சேர்ப்போம். கட்டிடம் தேவையா என்பதை அந்த எண்ணைப் பார்த்தபின் பேசுவோம். தேவையென்று எண் சொன்னால், முதல் கையொப்பம் என்னுடையது.

தெருவுக்கு இருவர், இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலை கொசப்பாளையத்திலே தொடங்குகிறோம். என் தாயாரும் வருகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, வேண்டாமென்றேன், கேட்கவில்லை. எந்த வீட்டிலே எதை மறைப்பார்கள் என்பது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்கிறார். நோட்டுப் புத்தகங்கள் வாசலருகே மேசைமீது இருக்கின்றன. போகும்போது பெயரைக் கொடுத்து வாங்கிச் செல்லுங்கள்.